ஓடுபாதை கண்ணில் பட்ட பிறகு கருவி எதற்கு?

நவம்பர் 9, இரவு 8.15 (வாசகர் கேள்வி)

கல்லடியில் இருந்து எழுதுகிறேன். வீட்டில் சிமுலேட்டர் ஓட்டுகிறவன். ஐஎல்எஸ் (ஓடுபாதைக்கு வழிகாட்டும் வானொலிக் கருவி) இல்லாத இறக்கத்தில் மேகத்துக்குக் கீழே வந்து ஓடுபாதை தெரிந்துவிட்டால், அதற்குப் பிறகு கருவியைப் பார்ப்பது வீண்வேலை. கண்ணுக்கு முன்னால் ரன்வே கிடக்கும்போது முள்ளைப் பார்த்துக்கொண்டிருப்பவன் என்ன பைலட்? மறுப்பவர்கள் மறுக்கலாம்.

நவம்பர் 9, இரவு 10.40

மறுக்கிறேன் தம்பி. பாதி சரியாகச் சொல்லியிருப்பதால்தான் கொஞ்சம் நீட்டி எழுதவேண்டியிருக்கிறது. நான் பறப்புப் பயிற்றுநர். இப்போது விடுமுறையில் ஊரில் நிற்கிறேன். மழை பெய்கிறது, நேரம் நிறைய இருக்கிறது.

முதலில் மற்ற வாசகர்களுக்காக. ஐஎல்எஸ் இருந்தால் இரண்டு முள் கிடைக்கும். ஒன்று இடம் வலம் காட்டும், மற்றது சரியான சரிவுக்கு மேலே நிற்கிறோமா கீழே நிற்கிறோமா என்று காட்டும். விஓஆர், என்டிபி, லோக்கலைசர் என்ற, திசையை மட்டும் காட்டும் வானொலி வழிகாட்டிகள் மட்டும் உள்ள இறக்கங்களில் அந்த இரண்டாவது முள் கிடையாது. உயரத்தை ஆல்டிமீட்டரையும் தூரத்தையும் வைத்து நாமே கணக்குப் பார்த்துக் குறைத்து வரவேண்டும். தூரம் காட்டும் கருவியும் இல்லாவிட்டால் ஸ்டொப்வொட்ச்தான். எம்டிஏ (இறங்கக்கூடிய குறைந்தபட்ச உயரம்) என்று ஓர் உயரம் வரைபடத்தில் போட்டிருப்பார்கள். ஓடுபாதையோ அதைச் சேர்ந்த விளக்குகளோ தெரியாமல் அதற்குக் கீழே ஓர் அடிகூட இறங்கக்கூடாது. மிஸ்ட் அப்ரோச் புள்ளி, அதாவது இறக்கத்தைக் கைவிடவேண்டிய இடம், வரைக்கும் ஒன்றும் தெரியாவிட்டால் ஏறிப் போய்விட வேண்டும்.

இனி உங்கள் வாதத்துக்கு வருவோம். எது தெரிந்துவிட்டால் என்கிறீர்கள்? மேகத்தை விட்டு வெளியே வந்ததும் முதலில் தெரிவது ஓடுபாதை அல்ல. நேர் கீழே ஒரு தார் றோட்டு, வயல், தகரக் கூரை இப்படி ஏதாவது தெரியும். முன்னுக்குப் பார்த்தால் இன்னும் சாம்பல்தான். அப்புறம் அந்தச் சாம்பலுக்குள் ஓர் இடம் கொஞ்சம் வெளிச்சமாகத் தெரியும். அது விளக்குகள் என்று புரியப் பிறகும் கொஞ்ச நேரம் பிடிக்கும். ஓடுபாதை ஓடுபாதையாக, நீள அகலத்தோடு, நுனிக் கோடுகளோடு தெரிவது கடைசியில்தான். நல்ல மழையில் இந்த முதலுக்கும் கடைசிக்கும் இடையில் அரை நிமிடம் போகலாம். மாணவர்கள் முதல் தகரக் கூரையிலேயே "தெரியுது சேர்!" என்று கத்துவார்கள்.

கத்துவதோடு நின்றால் பரவாயில்லை. கண் வெளியே போன அதே செக்கனில் கை முன்னுக்குத் தள்ளும். பக்கத்தில் இருந்து பார்க்கும் எனக்கு அது நன்றாகத் தெரியும். பெருவிரல் யோக்கை (விமானத்தைத் திருப்பும் கைப்பிடியை) இறுக்கும், மூக்கு இரண்டு பாகை தாழும், இறக்க வேக முள் நிமிடத்துக்கு 500 அடியில் இருந்து 900க்குப் போகும். மாணவனுக்கு எதுவும் தெரியாது, அவன் வெளியே ஆசையோடு பார்த்துக்கொண்டிருக்கிறான். உங்கள் கேள்விக்குச் சுருக்கமான பதில் அந்த 900தான். அதைக் காட்டும் முள் உள்ளே இருக்கிறது.

நவம்பர் 10, காலை

சம்மாந்துறையில் இருந்து ஒரு நானா எழுதியிருக்கிறார்: "கண்ணால் காண்பதும் பொய் என்று சும்மாவா சொன்னார்கள்." ஓம் நானா. ஆனால் "தீர விசாரிப்பதே மெய்" என்று ஒரு முடிவும் அதற்கு உண்டு. 90 நொட்டில் (மணிக்கு 90 கடல் மைலில்) போய்க்கொண்டு தீர விசாரிக்க நேரம் எங்கே? எல்லா விசாரணையையும் மேகத்துக்குள் இருக்கும்போதே முடித்துவிட வேண்டும்.

நவம்பர் 10, இரவு

நானாவின் பேச்சு விளையாட்டுப் பேச்சு என்றாலும் விஷயம் அங்கேதான் இருக்கிறது. கண் சொல்லும் பொய்கள் எவை என்று பறப்பு வைத்திய நூல்களில் பட்டியலே உண்டு. அதில் மழைநாள் இறக்கத்துக்கு வேண்டியவற்றை மட்டும் எடுத்துப் பாருங்கள்.

பழகிய ஓடுபாதையைவிட ஒடுக்கமான ஓடுபாதை என்றால் நாம் உயரத்தில் நிற்பது மாதிரி இருக்கும். ஓடுபாதை நம்மை விட்டு மேல்நோக்கி ஏறிச் சென்றாலும் அதே கதை. முன்கண்ணாடியில் மழைநீர் வழிந்தாலும், புகார் மூடினாலும், ஓடுபாதைக்கு முன்னால் இருட்டுத் தண்ணீர் மட்டும் கிடந்தாலும் கண் சொல்வது ஒன்றுதான்: உயரம் அதிகம், இறங்கு, இறங்கு. நம்பி இறங்கினால் நிஜத்தில் தாழப் போகிறோம்.

கடைசியாகச் சொன்னதற்கு ஆங்கிலத்தில் கருந்துளை என்று பெயர் வைத்திருக்கிறார்கள். 1960களில் போயிங் நிறுவனத்தில் கொன்ராட் கிராஃப்ட் என்பவர் இதைச் சிமுலேட்டரில் சோதித்தார். முன்னால் இருட்டு, அதற்கு அப்பால் ஒளியோடு ஒரு நகரம். அனுபவமுள்ள விமானிகளை உயரமானியைப் பார்க்காமல் கண்ணை மட்டும் நம்பி வரச் சொன்னார். பலர் ஓடுபாதைக்கு வெகு முன்னரே தரையைத் தொடும் அளவுக்குத் தாழ்ந்தார்கள். கற்றுக்குட்டிகள் இல்லை, ஜெட் ஓட்டியவர்கள்.

நமது மட்டக்களப்பு விமான நிலையத்தை நினைத்துப் பாருங்கள். திமிலைதீவுப் பக்கம், வாவியை ஒட்டிக் கிடக்கிறது. பகலில் கரவான் என்ற சின்ன விமானத்தில் வந்து இறங்குகிறவர்கள் வாவியைப் படம் எடுத்துப் போடுகிறார்கள், அழகுதான். நிலவில்லாத இரவில் அதே வாவிக்கு மேலே வந்தால் கீழே ஒன்றுமே இல்லை. ஒரு தோணியின் விளக்குக்கூட இல்லாத கறுப்பு, அதற்கு அப்பால் ஊரின் வெளிச்சம். பொய் சொல்வதற்கு இதைவிட நல்ல இடம் கண்ணுக்குக் கிடைக்காது.

நவம்பர் 11

ஒருவர் பிடித்துவிட்டார்: "எல்லாப் பொய்யும் ஒரே பக்கம் சாயாது. அகலமான ஓடுபாதை தாழ்வாக நிற்பது போலக் காட்டும். பளிச்சென்ற விளக்குகள் கிட்டத்தில் நிற்பது போலக் காட்டும். அப்போது விமானி மேலே தங்கிவிடுவான்."

சரிதான், அவை எதிர்ப்பக்கம் இழுக்கும். ஆனால் மேலே தங்குகிறவன் பெரும்பாலும் நீளமாகப் போய் இறங்குவான், அல்லது திரும்ப ஏறிவிடுவான். தாழப் போகிறவனுக்கு அந்த வசதி இல்லை. நான் ஒரு பக்கத்துப் பொய்களை அடுக்கியதற்கு அதுதான் காரணம். நீளமாகப் போய் இறங்கி ஓடுபாதை முடிந்து வெளியே ஓடியவர்களும் உண்டு என்று அடுத்து எழுதப் போகிறார், தெரியும். ஓம், உண்டு.

நவம்பர் 13

"எங்கிருந்து இறங்கத் தொடங்குவது? கணக்கு இருக்கிறதா?" என்று கேட்டிருக்கிறார்கள். இருக்கிறது, வாய்க்கணக்குத்தான்.

மூன்று பாகைச் சரிவில் ஒரு கடல் மைலுக்கு ஏறத்தாழ 318 அடி இறங்குவோம். தலைக்குள் 300 என்று வைத்துக்கொள்ளலாம். எம்டிஏ ஓடுபாதைக்கு மேலே 450 அடி என்றால் 450ஐ 300ஆல் வகுத்து 1.5. ஓடுபாதை நுனியில் இருந்து ஒன்றரை மைலில் நிற்கும்போது ஓடுபாதை தெரிந்தால் சாதாரணமாக இறங்கலாம். விடிபி என்று சொல்வது இந்த இடத்தைத்தான். சில வரைபடங்களில் குறித்திருப்பார்கள், இல்லாவிட்டால் நாமே கணக்குப் போட்டுக் குறித்துக்கொள்வோம்.

இதைத் தாண்டியபின் தெரிந்தால்? அதே 450 அடியில், நுனிக்கு அரை மைல் இருக்கும்போது ரன்வே பளிச்சென்று தெரிகிறது என்று வையுங்கள். இங்கிருந்து நுனிக்கு எட்டுப் பாகைக்கு மேல் சரிவு. 90 நொட்டில் அரை மைல் போக 20 செக்கன். 20 செக்கனில் 450 அடி என்றால் நிமிடத்துக்கு 1350 அடி. வழக்கமான 450, 500க்குப் பதிலாக 1350. தரைக்கு இவ்வளவு கிட்ட இந்த வேகத்தில் இறங்கி, கடைசியில் மூக்கைத் தூக்கி, வேகத்தையும் சரியாக வைத்து ஒருவர் இறக்கினால் அவர் திறமைசாலி என்று நான் சொல்லமாட்டேன்.

தம்பி, உங்கள் "ஓடுபாதை தெரிந்துவிட்டால்" இங்கேதான் உடைகிறது. ஓடுபாதை தெரிகிறது, முழுசாகத் தெரிகிறது. ஆனாலும் இறங்கக்கூடாது. ஏன் என்று வெளியே பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது, தூரம் காட்டும் எண்ணைப் பார்த்தால்தான் தெரியும்.

தூரக்கருவி இல்லாதவர்களுக்கு நேரக் கணக்கு ஒன்று உண்டு. உயரத்தில் பத்தில் ஒரு பங்கைச் செக்கனாக எடுத்து, மிஸ்ட் அப்ரோச் நேரத்தில் இருந்து கழிப்பது. 450 அடிக்கு 45 செக்கன்.

நவம்பர் 13, பின்னிரவு

இப்போதே ஒருவர் எழுதிவிட்டார்: "45 செக்கன் 120 நொட்டுக்குத்தான் பொருந்தும். செஸ்னாவில் 90 நொட்டில் வருகிறவனுக்கு ஒன்றரை மைல் போக 60 செக்கன் ஆகும்."

நல்ல கணக்கு. 120 நொட் என்றால் நிமிடத்துக்கு இரண்டு மைல், ஆகவே 45 செக்கன் சரியாக விழும். மெதுவான விமானத்தில் அந்த விதியை நம்பினால் பிந்தித் தொடங்கி செங்குத்தாக இறங்கவேண்டி வரும். இன்னொன்றையும் சேர்த்துவிடுகிறேன், பிறகு யாராவது இதையும் பிடிப்பார்கள். மூன்று பாகைச் சரிவு ஓடுபாதை நுனியைத் தொடுவதில்லை, நுனிக்கு மேலே சுமார் 50 அடியில் கடக்கும். அதனால் உண்மையான இடம் ஒன்றரை மைலை விடக் கொஞ்சம் கிட்டத்தில், 1.26 மைல் அளவில் வரும். 300 என்று எடுக்கும் வாய்க்கணக்கு நம்மைச் சற்று முன்னதாகவே தயாராக்குகிறது. அதனால் எனக்கு அதில் குறையில்லை.

நவம்பர் 15

சண்டை தொடங்கிவிட்டது. "படபடவென்று எம்டிஏக்கு இறங்கி, மட்டமாகப் பறந்து, ஓடுபாதையைத் தேடுவதுதான் சரியான முறை. மேகத்துக்குக் கீழே அதிக நேரம் கிடைக்கும்" என்கிறார் ஓய்வுபெற்ற ஒருவர். மற்றப் பக்கம் இளைஞர்கள். தொடர்ச்சியாக ஒரே சரிவில் வந்து, எம்டிஏயில் தெரியாவிட்டால் உடனே ஏறிவிட வேண்டும், மட்டமாக ஓடவே கூடாது என்கிறார்கள்.

விமானக் கம்பனிகளில் இன்று இரண்டாவதுதான் நடைமுறை. ஐரோப்பிய விதிகள் அதைத்தான் கேட்கின்றன, அமெரிக்காவில் 2011இல் ஆலோசனை அறிக்கையாக வந்தது. பல இடங்களில் எம்டிஏக்கு மேல் 50 அடி சேர்த்துக்கொள்கிறார்கள், ஏறத் தொடங்கும் தருணத்தில் விமானம் இன்னும் கொஞ்சம் அமிழும் என்பதால்.

நம் விஷயத்துக்கு இதில் என்ன லாபம் என்றால், மேகத்தை விட்டு வரும்போது விமானம் ஏற்கெனவே சரியான சரிவில், சரியான வேகத்தில், சரியான பவரில் இருக்கிறது. தலையைத் தூக்கிப் பார்த்தால் ஓடுபாதை கண்ணாடியில் இருக்கவேண்டிய இடத்தில் இருக்கும். கை எதையும் மாற்றவேண்டியதில்லை. மட்டமாகப் பறந்து வந்தவன் ஓடுபாதையைப் பார்த்த பிறகு மூக்கைத் தாழ்த்தி, பவரைக் குறைத்து, ஃபிளாப் போட்டு, அதே நேரத்தில் கண்ணையும் வெளியே பழக்கவேண்டும். எல்லாம் தரைக்கு மிகக் கிட்ட. உள்ளே இருந்து வெளியே பார்வை மாறும்போது கண் தூரத்துக்குப் பழக ஒன்றிரண்டு செக்கன் எடுக்கும். அந்த நேரத்தில் விமானத்தின் நிலையை மாற்றாமல் இருப்பது பெரிய உதவி.

இளைஞர்களுக்கு ஒரு குறிப்பு. எம்டிஏயில் தெரியவில்லை என்று முன்னதாகவே ஏறத் தொடங்கினால், ஏறலாம், ஆனால் மிஸ்ட் அப்ரோச் புள்ளி வரும்வரை திரும்பக்கூடாது. புள்ளிக்கு முன்னே திரும்பினால் எந்தப் பக்கம் மலையோ கோபுரமோ என்பதற்கு வரைபடம் பொறுப்பல்ல.

நவம்பர் 16

இரவு யோசித்துப் பார்த்தேன். ஓய்வுபெற்ற ஐயாவை அப்படித் தள்ளிவிட முடியாது. ஒற்றை எஞ்சின், 90 நொட், நீளமான ஓடுபாதை, மேகம் எம்டிஏக்குச் சரியாக மேலே. அந்த இடத்தில் மட்டமாக இரண்டு மைல் ஓடுவது பெரிய குற்றமல்ல. மெதுவான விமானத்துக்கு நிலைமாற்றம் சுலபம். ஆனால் அவருக்கு விடிபி வேண்டும். மட்டமாக ஓடுகிறவன், இந்த இடத்துக்குப் பிறகு தெரிந்தாலும் இறங்கமாட்டேன் என்று முன்கூட்டியே ஒரு கோடு போட்டுவைக்காவிட்டால் அந்த 1350 அடி அவனைத்தான் தேடி வரும். ஐயா ஒத்துக்கொள்வாரா தெரியவில்லை.

ஐயாவிடம் இருந்து ஒரு வரி: "நாங்கள் போட்டுக்கொண்டுதான் ஓடினோம் மனே." சரி ஐயா.

நவம்பர் 18

கல்முனையில் இருந்து ஒரு தங்கச்சி நல்ல கேள்வி கேட்டிருக்கிறார்: "மேகத்தை விட்டு வந்ததும் எங்கே பார்ப்பது? நேர் முன்னாலா?"

காற்று இல்லாவிட்டால் நேர் முன்னால். பக்கக் காற்று இருந்தால் இல்லை. இடப்பக்கத்தில் இருந்து காற்று அடித்தால் விமானத்தின் மூக்கை இடப்பக்கம் திருப்பி வைத்துத்தான் கோட்டில் வருவோம். அப்போது ஓடுபாதை மூக்குக்கு வலப்பக்கத்தில் இருக்கும். 90 நொட்டில், 20 நொட் முழுப் பக்கக் காற்றென்றால் 13 பாகை அளவு. நேர் முன்னால் தேடிக்கொண்டிருந்தால் ஓடுபாதை பக்கத்துக் கண்ணாடிச் சட்டத்துக்குப் பின்னால் ஒளிந்திருக்கும். அதைவிட மோசமானது, கண்டுபிடித்த பிறகு மூக்கை ஓடுபாதைக்கு நேரே திருப்பிவிடுவது. திருப்பிய உடனே காற்று தள்ளத் தொடங்கும். உள்ளே இருந்தபோது எந்தத் திசை கோட்டில் வைத்ததோ அந்தத் திசைதான் வெளியே வந்த பிறகும் கோட்டில் வைக்கும். மேகத்தை விட்டு வந்தால் காற்று நின்றுவிடாது.

இன்னொன்று, விஓஆர் இறக்கங்களில் வரும் கோடு ஓடுபாதையின் கோடாக இருக்கவேண்டிய கட்டாயம் இல்லை. சின்ன விமானங்களுக்கு 30 பாகை வரை சாய்ந்திருந்தாலும் நேர் இறக்கம் என்றே கணக்கு. அதனால் வரைபடத்தைப் பார்த்து, தெரிந்தால் பதினொரு மணித் திசையில் தெரியும் என்று முன்பே சொல்லிவைக்க வேண்டும். வாய்விட்டுச் சொல்லுங்கள், தனியாகப் பறந்தாலும்.

ஊர்ப் பெருமைக்கு ஒன்று: மட்டக்களப்பு ஓடுபாதை 06/24, வடகிழக்கு தென்மேற்காகக் கிடக்கிறது. மாரி வாடையும் கோடைக் கச்சானும் கிட்டத்தட்ட அதே கோட்டில்தான் வீசும். பக்கக் காற்றுப் பழக வேறு ஊருக்குப் போகவேண்டும்.

நவம்பர் 20

"இதெல்லாம் சின்ன விமானக் கதை. பெரிய கம்பனி விமானங்களில் இப்படி நடக்குமா?" என்று ஒருவர்.

2015 மார்ச் 29, கனடாவின் ஹாலிஃபக்ஸ். எயார் கனடா 624, ஏர்பஸ் 320, நள்ளிரவு தாண்டிய நேரம், பனி கொட்டுகிறது. லோக்கலைசர் இறக்கம், அதாவது சரிவு காட்டும் முள் இல்லை. இறங்கும் கோணத்தை ஓட்டோபைலட்டில் போட்டுவிட்டார்கள். ஆனால் காற்றின் மாற்றத்தால் விமானம் போட்ட கோட்டுக்குக் கீழே மெல்ல மெல்ல விலகிப் போனது. தூரத்தையும் உயரத்தையும் கடைசிவரை ஒப்பிட்டுப் பார்க்கும் வழக்கம் அவர்களது நடைமுறையில் இல்லை. குறைந்த உயரத்தில் வழிகாட்டும் விளக்குகள் சில கண்ணில் பட்டன. போதும் என்று தொடர்ந்தார்கள். ஓடுபாதைக்குச் சுமார் 225 மீட்டர் முன்னதாகத் தரையில் மோதி, சறுக்கி, ஓடுபாதைக்கு ஏறி நின்றது. விமானத்தில் இருந்த 138 பேரும் தப்பினார்கள்.

இதை மாணவர்களுக்கு நான் எத்தனையோ தடவை சொல்லியிருப்பேன். அவர்கள் விளக்கைப் பார்த்தார்கள், பொய்யாகப் பார்க்கவில்லை. ஆனால் கொட்டும் பனியில் தெரியும் சில விளக்குகள் ஓடுபாதை எந்தப் பக்கம் என்றுதான் சொல்லும். நீ எவ்வளவு உயரத்தில் இருக்கிறாய் என்று சொல்லாது. அமெரிக்க விதி இதை நேராகவே எழுதிவைத்திருக்கிறது. வழிகாட்டும் விளக்குகள் மட்டும் தெரிந்தால் ஓடுபாதை மட்டத்துக்கு மேல் 100 அடி வரைதான் இறங்கலாம். அதற்குக் கீழே போக நுனியோ, நுனி விளக்கோ, ஓரவிளக்கோ, பாப்பியோ (ஓடுபாதை ஓரத்தில் சரிவைக் காட்டும் விளக்குகள்) ஏதாவது தெரியவேண்டும், அல்லது வழிகாட்டும் விளக்குகளிலேயே சிவப்புப் பட்டைகள் தெளிவாகத் தெரியவேண்டும்.

குவாம் 1997 ஆகஸ்ட் 6 இதைவிடக் கொடியது. கொரியன் எயார் 801, போயிங் 747. அன்று சரிவு காட்டும் முள் சேவையில் இல்லை. இரவு, மழை. கண்ணுக்கு ஓடுபாதை தெரிந்துவிடும் என்ற எதிர்பார்ப்போடு வந்து, விமான நிலையத்துக்கு மூன்று மைல் முன்னால் நிமிட்ஸ் குன்றில் மோதினார்கள். 254 பேரில் 228 பேர் இறந்தார்கள். நான்-பிரிசிஷன் (சரிவு காட்டும் முள் இல்லாத) இறக்கத்துக்குச் சரியாகத் தயார்செய்து பேசிக்கொள்ளவில்லை என்பது விசாரணையின் முக்கிய முடிவுகளில் ஒன்று.

நவம்பர் 21

எங்கள் மாமா இதை வாசிக்கக் கேட்டுவிட்டுச் சொன்னார்: "இரவில் முகத்துவாரத்துக்குள் படகு விடுகிறவனும் இதைத்தான் செய்கிறான். பாலமீன்மடு வெளிச்சவீடு தெரிந்தவுடனே உள்ளே திருப்பினால் மணலில் ஏறிவிடுவான். வெளிச்சவீடும் இன்னொரு குறியும் ஒரே கோட்டில் வரும்வரை காத்திருக்க வேண்டும்." ஒரு விளக்கு போதாது, இரண்டு குறி ஒத்துப்போக வேண்டும். நான் இவ்வளவு நீட்டி எழுதியது வீண் போலிருக்கிறது.

நவம்பர் 24

இரண்டு பேர் கொக்பிட்டில் எப்படி என்று சிலர். ஒருவர் உள்ளே, ஒருவர் வெளியே. ஓட்டுகிறவர் கருவியிலேயே இருப்பார். மற்றவர் உயரம் சொல்லிக்கொண்டு வெளியே எட்டிப் பார்ப்பார். என்ன தெரிகிறது என்பதை அவர் அப்படியே சொல்லவேண்டும்: "வழிகாட்டும் விளக்கு, பதினொரு மணி." "தெரியுது" என்று மட்டும் சொன்னால், ஓட்டுகிறவர் தலையைத் தூக்கித் தானும் தேடத் தொடங்குவார், பிறகு இரண்டு பேரும் வெளியே. உள்ளே யாரும் இல்லை. சில கம்பனிகளில் ஒருவர் மேகம் முடியும்வரை ஓட்டி, ஓடுபாதையைப் பார்த்த மற்றவர் வாங்கி இறக்குகிறார். நான் அதை விரும்புகிறவன். எல்லாரும் விரும்புவதில்லை, கடைசி நேரத்தில் கைமாற்றுவது ஆபத்து என்பார்கள். அதிலும் நியாயம் உண்டு.

தனியாகப் பறக்கிறவனுக்கு என் வழி: எம்டிஏக்கு 100 அடி முன்னால் இருந்து சின்னச் சின்ன எட்டிப்பார்ப்பு, உடனே உள்ளே. தலையைத் திருப்பாமல் கண்ணை மட்டும் தூக்குவது. மேகத்துக்குள் தலையைச் சட்டென்று ஆட்டினால் சமநிலை குழம்பும்.

நவம்பர் 25

ஏறாவூரில் இருந்து: "பார்த்துவிட்டு, இறங்கத் தொடங்கி, மீண்டும் மழைக்குள் போய்விட்டால்?"

உடனே ஏறுங்கள். இரண்டு செக்கனில் திரும்ப வரும் என்று காத்திருக்கக்கூடாது. இந்த ஏற்றத்தில் தனியான ஆபத்து உண்டு. வெளியே பார்த்துக்கொண்டிருந்த கண் திடீரென்று உள்ளே திரும்பவேண்டும், முழுப் பவரில் விமானம் முன்னுக்குப் பாயும்போது உள்காது மூக்கு மேலே போகிறது என்று பொய் சொல்லும். நம்பினால் கை தள்ளும். 2000 ஆகஸ்ட் 23, பஹ்ரைனில் கல்ஃப் எயார் 072 இரவில் இறங்க முடியாமல் ஏறப் போய், கடலுக்குள் விழுந்தது. 143 பேரும் இறந்தார்கள். வெளியே பார்க்க ஒன்றும் இல்லாத இருட்டுக் கடல், அந்தப் பொய்க்கு மறுப்புச் சொல்லக் கருவியைத் தவிர வேறு எதுவும் இல்லை. பஹ்ரைனில் வேலைக்கு நிற்கிற எங்கள் ஊர் ஆட்களுக்கு அந்தக் கடற்கரை தெரியும்.

நவம்பர் 30

கேள்வி கேட்ட தம்பி திரும்ப வந்திருக்கிறார். "சரி, ஒத்துக்கொள்கிறேன், முக்கால்வாசி. அப்படியானால் உள்ளே பார்ப்பதை எப்போதுதான் நிறுத்துவது? தரையைத் தொடும்போதும் முள்ளையா பார்ப்பது?"

இல்லை. பார்வையின் பங்கு மாறிக்கொண்டே வரும். மேகத்துக்குள் முழுவதும் உள்ளே. முதல் விளக்கு தெரிந்தால் இன்னும் பெரும்பகுதி உள்ளே, எட்டிப்பார்ப்பு மட்டும் வெளியே. நுனி தெளிவாகத் தெரிந்த பிறகு பெரும்பகுதி வெளியே. அப்போதும் இரண்டு எண்ணை விடமாட்டேன்: வேகம், இறக்க வேகம். பாப்பி இருந்தால் அது மூன்றாவது. நாலு விளக்கில் இரண்டு வெள்ளை, இரண்டு சிவப்பு என்றால் சரிவு சரி. மூன்று சிவப்பென்றால் கொஞ்சம் தாழ்வு, நாலும் சிவப்பென்றால் வாதாட வேண்டாம், இறக்கத்தை நிறுத்துங்கள். மூக்கைத் தூக்கும் அந்தக் கடைசிச் சில செக்கன் முழுவதும் வெளியேதான், ஓடுபாதையின் தூர முனையில். அந்த இடத்தில் நீங்கள் சொன்னது நூற்றுக்கு நூறு சரி.

முக்கால்வாசி என்கிறாரே, மிச்சக் கால்வாசி என்ன என்று கேட்டேன். "பாப்பி வெளியேதானே இருக்கிறது, அது கருவி இல்லையே" என்கிறார். வழக்கறிஞர் படிப்புக்கு விண்ணப்பிக்கச் சொல்லியிருக்கிறேன்.

டிசம்பர் 3

சிமுலேட்டரில் எப்படிப் பழகுவது என்று நாலைந்து பேர். மேகத்தின் அடியை எம்டிஏக்கு 50 அடி மேலே வையுங்கள், பார்வைத் தூரம் 3 கிலோமீட்டர், பக்கக் காற்று 15 நொட். முடிந்தால் வீட்டில் வேறு யாராவது மேகத்தின் உயரத்தை உங்களுக்குச் சொல்லாமல் மாற்றட்டும். சில தடவை எம்டிஏக்குக் கீழே வைக்கவேண்டும், அப்போதுதான் ஏறிப் போகும் பழக்கம் வரும். ஒவ்வொரு தடவையும் ஓடுபாதை தெரிந்தால் அது பயிற்சி இல்லை.

இறங்கிய பிறகு பதிவை ஓடவிட்டு ஒன்றை மட்டும் பாருங்கள்: ஓடுபாதை தெரிந்த செக்கனில் இருந்து அடுத்த ஐந்து செக்கனுக்கு இறக்க வேக முள் என்ன செய்தது. அசையாமல் நின்றால் நல்லது. மழையைக் கடைசி அளவுக்குக் கூட்டவேண்டாம், பழைய கொம்பியூட்டர் என்றால் படம் திக்கித் திக்கி ஓடும், பிறகு முள் துள்ளியதற்கு என்னைத்தான் திட்டுவீர்கள்.